சேமக்கலமும் காப்போரும்

விளைந்த நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். பெய்த மழையை ஏரியில் தேக்கி வைக்கலாம். பழுத்த புளியை உப்பிட்டுப் பானையில் அடைத்து வைக்கலாம். மின்சாரத்தை மட்டும் அது பிறந்த வடிவிலேயே பெருமளவில் சேர்த்து வைக்க வழி இல்லை. அதனை வேறொரு பொருளின் மாற்றமாக ஆக்கி வைத்து, வேண்டும் பொழுது மீண்டும் மின்சாரமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யும் கருவிகளுள் மனிதன் நெடுங்காலம் நம்பி வந்தது ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட சேமக்கலமாகும். பேச்சு வழக்கில் நாம் பாட்டரி என்று சொல்வது இதனைத்தான்.

மாணவ நண்பர்களே, வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே உங்கள் நினைவுக்கு வரக்கூடும். நான் வாழும் செங்கத்துக்கும் அத்தகைய வரலாறு உண்டு. 1767ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிக்கொண்ட கணவாய் இவ்வூரை அடுத்ததே. ஆயினும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு. அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. அவற்றைப் பேணிக் காத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. சேமக்கலத்தின் கதையைச் சற்று ஊன்றிப் பார்த்தால், அது கண்டுபிடித்தவர்களின் கதை மட்டுமன்று, காத்தவர்களின் கதையும், காக்கத் தவறியவர்களின் கதையும் ஆகும் என்பது விளங்கும்.

கதை பிரான்சு நாட்டில் தொடங்குகிறது. 1859ஆம் ஆண்டில் காஸ்தோன் பிளாந்தே என்னும் இளைஞர், வயது 25, இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவை ஒன்றையொன்று தொடாதபடி இடையே பட்டைகளை இட்டு, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அவற்றினூடே மின்னோட்டத்தைச் செலுத்திப் பின்னர் நிறுத்தியபோது, தகடுகள் தாமே மின்னோட்டத்தைத் திருப்பித் தந்தன. அதுவரை உலகம் அறிந்திருந்த மின்கலங்கள் ஒரு முறை தீர்ந்தால் தீர்ந்தவைதாம். பிளாந்தேயின் கலமோ மீண்டும் மீண்டும் நிரப்பத் தக்கதாய் இருந்தது. அடுத்த ஆண்டு, 1860இல், அதனைப் பாரிசு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். புதிதாகச் செய்த ஈயத் தகடுகள் மிகச் சிறிதளவு மின்சாரத்தையே ஏற்றன. நிரப்புவதும் வெறுமையாக்குவதும், மறுபடி நிரப்புவதுமாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்த பின்னரே தகட்டின் மேற்பரப்பு நுண்துளைகள் நிறைந்ததாக மாறி, கலம் வலிமை பெற்றது. இதற்கு உருவாக்குதல் என்று பெயர். மின்னாக்கிப் பொறிகள் பரவாத அக்காலத்தில், வேறு மின்கலங்களைக் கொண்டே இந்த நிரப்புதல் முழுவதையும் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே, சேமக்கலம் பிறந்தபோதே பொறுமையோடு சேர்ந்து பிறந்தது. இந்த முதற் பாடம் பிற்பாடு நமக்கு வேண்டியிருக்கும்.

பொறுமையின் காலத்தைக் குறைத்தவர் காமில் ஃபோர் என்பவர். 1881இல் இவர் ஈய ஆக்சைடைக் கந்தக அமிலத்தோடு பிசைந்து, சாந்து பூசுவது போலத் தகடுகளின்மேல் பூசினார். மாதங்கள் பிடித்த உருவாக்குதல் நாட்களில் முடிந்தது. விரைவில் வேறு சிலர், சாந்து நழுவி விழாமல் பிடித்துக்கொள்ளும் ஈயச் சட்டங்களைச் செய்தனர். அதே ஆண்டில் ஃபோரின் கலங்கள் அடங்கிய பெட்டி ஒன்று பாரிசில் நிரப்பப் பெற்று, மூன்று நாட் பயணத்தில் கிளாஸ்கோ நகரத்துக்கு வில்லியம் தாம்சனிடம் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற அவ்வறிஞர், மின்சாரம் பெட்டியில் அடைக்கப்பட்டுக் கடல் கடந்து வந்ததைக் கண்டு வியந்து பத்திரிகைக்கு எழுதினார். ஓரூரில் பிறந்த மின்சாரம் கம்பியின்றி இன்னோரூரில் விளக்கேற்றக் கூடும் என்பது அன்று பெரும் புதுமை.

இனி, கலத்தினுள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். நிரம்பிய கலத்தில் ஒரு தகடு பஞ்சு போன்ற ஈயம். மற்றொன்று பழுப்பு நிறமான ஈய டை ஆக்சைடு. இரண்டுக்கும் இடையே கந்தக அமிலக் கரைசல். கலம் மின்சாரம் தரும்போது இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் மிகுகிறது. கலத்தை நிரப்பும்போது இவையெல்லாம் நேர்மாறாக நடக்கின்றன. இரு தகடுகளிலும் உண்டாவது ஒரே சல்பேட்டுதான் என்னும் கொள்கையை 1882இல் கிளாட்ஸ்டனும் டிரைபும் நிறுவினர். அமிலத்தின் அடர்த்தியே கலத்தின் நிலையைச் சொல்லும் அளவுகோலாவது இதனாலேதான். நிரம்பிய கலத்தில் கரைசலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.26 முதல் 1.28 வரை இருக்கும். வெறுமையான கலத்தில் 1.12 அளவுக்கு இறங்கிவிடும். கண்ணாடிக் குழாயினுள் மிதவை ஒன்றைக் கொண்ட ஹைட்ரோமீட்டர் என்னும் எளிய கருவியால் இதனை எவரும் அளந்தறியலாம். கலம் ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட்டு மின்னழுத்தம். ஆறு கலங்களை வரிசையாக இணைத்தால் நாம் கடையில் காணும் 12 வோல்ட்டு பாட்டரி.

நம் நாட்டு ஏரியை நினைத்துக்கொண்டால் சேமக்கலம் எளிதில் புரியும். ஏரியில் நீர் வந்து நிறைகிறது, மதகு வழியே போகிறது. போக்குவரத்து ஒழுங்காக நடக்கும்வரை ஏரி நலமாக இருக்கும். கேட்பாரற்று விட்டால் என்ன ஆகும்? வண்டல் படியும், படிந்த வண்டல் இறுகி மேடாகும், மழை பெய்தாலும் நீர் நிற்க இடமிராது. சேமக்கலத்திலும் இதுவே நடக்கிறது. புதிதாக உண்டான ஈய சல்பேட்டு மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும்; உடனே நிரப்பினால் எளிதில் கரைந்து மாறிவிடும். வெறுமையான கலத்தை வாரக்கணக்கில் அப்படியே கிடத்தி வைத்தால், நுண்ணிய படிகங்கள் ஒன்றுகூடிப் பெரும் படிகங்களாக வளர்ந்து கெட்டியாகும். மின்னோட்டத்தை எளிதில் ஏற்காத வெண்படலம் தகட்டை மூடிக்கொள்ளும். இதனையே சல்பேட்டு ஏறுதல் என்பர். பயன்படுத்தாமல் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. ஒன்றும் செய்யாவிட்டாலும் கலம் தானாகவே சிறிது சிறிதாக வெறுமையாகும். வெப்பம் 10 டிகிரி செல்சியசு உயரும்தோறும் இத்தன்னிழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். செங்கத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ்க் கிடக்கும் பாட்டரியின் நிலையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சேமக்கலம் நம் கிராமங்களுக்கு எப்படி வந்தது? பேருந்திலும் லாரியிலும் வந்தது. அவற்றுக்கு இணையாக வானொலியோடும் வந்தது. சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாளிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாளிலும் ஒலிபரப்பைத் தொடங்கின. ஒலி வந்துவிட்டது, அதனைக் கேட்க வேண்டிய கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்கம்பி வரவில்லை. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் வால்வுகளால் இயங்கியவை. வால்வின் இழையைச் சூடாக்க ஓயாத மின்னோட்டம் வேண்டும். மின்சாரம் இல்லாத இடங்களில் அதனைத் தந்தவை சேமக்கலங்களே. கலம் வெறுமையானதும் அதனை மின்சாரம் உள்ள ஊருக்குச் சுமந்து சென்று, நிரப்பிக்கொண்டு திரும்ப வேண்டும். உலகெங்கும் கிராமத்து வானொலியின் நிலை அன்று இதுதான்.

சுமந்து செல்ல ஆள் இருந்த ஊரில் பெட்டி பாடியது. இல்லாத ஊரில் ஊமையாயிற்று. இரண்டு ஊர்களின் பெட்டியும் ஒன்றே, கலமும் ஒன்றே. வேறுபாடு கருவியில் இல்லை. நாள் தவறாமல் அமிலத்தைப் பார்த்து, நீர் ஊற்றி, நிரப்பக் கொண்டுபோன ஒரு மனிதரிடம் இருந்தது. 1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளில் கையடக்க வானொலிகள் பரவின. சிற்றூர்களுக்கும் படிப்படியாக மின்கம்பி வந்தது. வானொலிக்காகக் கலம் சுமக்கும் தேவை மறைந்தது. அதனோடு, கலத்தைக் காக்கும் பழக்கமும் நம் கிராமங்களை விட்டு மெல்ல மறைந்தது. பிற்காலத்தில் சேமக்கலம் வேறொரு வேடம் பூண்டு திரும்பி வந்தபோது, அதனை வரவேற்கக் காவற்காரர் இல்லாமற் போனது இதனாலேதான்.

அவ்வேடம் சூரிய மின்விளக்கு. 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர், சூரிய ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கும் சிலிக்கன் கலத்தை உலகுக்குக் காட்டினர். தொடக்கத்தில் விலை மிகுதியால் விண்கலங்களுக்கே பயன்பட்ட அக்கலம், விலை இறங்க இறங்க நம் வீட்டுக் கூரைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2011–12ஆம் ஆண்டில் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் தொடங்கப் பெற்றது. ஆண்டுக்கு 60,000 வீடுகள் கட்டுவது, ஒவ்வொன்றும் 300 சதுர அடி, ஒவ்வொன்றிலும் சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகள் என்பது அதன் அமைப்பு. மின்கம்பியைக் கொண்டு செல்ல அரிதான மலையூர்களிலும் காட்டோரக் குடியிருப்புகளிலும் பல்வேறு திட்டங்களின் வழியாகவும் நன்கொடைகளாகவும் சூரிய விளக்குகள் வந்தன. பகலில் ஒளியைப் பெற்று இரவில் எரிய வேண்டிய விளக்குக்குச் சேமக்கலம் இன்றியமையாதது. கூரையின்மேல் இருக்கும் பலகை எல்லோர் கண்ணிலும் படும். மூலையில் இருக்கும் பெட்டியை ஒருவரும் நோக்குவதில்லை. பலகையோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். முதலில் இறப்பது பெட்டிதான்.

சவ்வாது மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, இதனை நேரில் கண்டேன். அப்பள்ளிக்குக் கொடையாக வந்த சூரிய விளக்குத் தொகுதி ஒன்று இரண்டு ஆண்டுகள் எரிந்து நின்றுபோயிருந்தது. பலகையின்மேல் வேப்ப மரத்தின் கிளை நிழலிட்டிருந்தது. கோடை விடுமுறை முழுவதும் கலங்கள் வெறுமையாகக் கிடந்திருந்தன. அமைத்துக் கொடுத்தவர்கள் பிறகு வரவே இல்லை. நீர் ஊற்ற வேண்டும் என்றும் எவரும் எவரிடமும் சொல்லவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு, மின்தடை நேர்ந்த இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கே துணை. புதிய பாட்டரி வாங்கப் பணம் இல்லை. பழையவற்றைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று சிலர் கூறினர். எங்கள் அறிவியல் ஆசிரியர், போடுவதற்குமுன் அளந்து பார்ப்போம் என்றார்.

நான்கு பாட்டரிகள், ஒவ்வொன்றும் 12 வோல்ட்டு, 100 ஆம்பியர்–மணி. மூடியைத் திறந்தபோது எல்லாவற்றிலும் தகடுகளின் மேல்நுனி நீருக்கு வெளியே தெரிந்தது. நிரப்பும்போது வெளிப்படும் வாயுவாக நீர் குறைந்திருக்கிறது; அமிலம் குறையவில்லை. ஆகவே ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீரே, அமிலம் அன்று. தகடு மறையும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றினோம். நிரம்பி முடிந்தபின் குறியளவு வரை ஊற்றினோம். முதலிலேயே குறியளவு ஊற்றியிருந்தால், நிரம்பும்போது கரைசல் விரிந்து பொங்கி வழிந்திருக்கும்.

அடுத்தது நிரப்புதல். சல்பேட்டு ஏறிய கலத்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. மின்னோட்டத்துக்கு அது பெரும் தடையாக இருப்பதால், மின்னூட்டியை இணைத்தவுடன் மின்னழுத்தம் கிடுகிடுவென ஏறும். தானியங்கிக் கருவி அதனைக் கண்டு, கலம் நிரம்பிவிட்டது என்று முடிவுகட்டி நிறுத்திவிடும். உண்மையில் கலம் நிரம்பவில்லை. வாயிலிலேயே அடைபட்டு நிற்கிறது. எனவே மிகக் குறைந்த மின்னோட்டத்தை, 2 அல்லது 3 ஆம்பியரை, நாட்கணக்கில் செலுத்த வேண்டும். இவ்வளவு மென்மையாகச் செலுத்தினால்தான் இறுகிய படிகங்கள் சிறிது சிறிதாகக் கரையும். காற்றோட்டமான தாழ்வாரத்தில், ஆசிரியர் பக்கத்திலிருக்க, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து மாணவர்கள் காலையும் மாலையும் அடர்த்தியை அளந்து ஏட்டில் குறித்தனர். நிரம்பும் கலத்திலிருந்து நீரகமும் உயிரகமும் எழும். ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகையால் விளக்கையோ தீக்குச்சியையோ அருகில் விடவில்லை.

முதல் மூன்று நாட்கள் அடர்த்தி அசையவில்லை. பிள்ளைகளின் முகம் வாடிற்று. நான்காம் நாள் ஒரு பாட்டரியில் எண் சிறிது ஏறியது. ஆறாம் நாள் இன்னொன்றில் ஏறியது. ஒன்பதாம் நாள் அளவில் எண்கள் மேலே போகாமல் நின்றன. பிறகு ஒவ்வொரு பாட்டரியுடனும் 60 வாட்டு முகப்பு விளக்கை இணைத்து, மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எவ்வளவு நேரம் எரிகிறது என்று கணக்கிட்டோம். விளக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர் எடுக்கும். ஒரு பாட்டரி 13 மணி நேரம் எரித்தது. அதாவது சுமார் 65 ஆம்பியர்–மணி. மற்றொன்று 10 மணி நேரம். மூன்றாவது 3 மணி நேரத்தில் தளர்ந்தது. நான்காவதில் ஆறு கலங்களுள் ஒன்று உள்ளுக்குள்ளேயே தகடோடு தகடு ஒட்டிச் செத்துக் கிடந்தது, அது மீளவில்லை. நான்கில் இரண்டு பிழைத்தன. விடுதியின் இரண்டு அறைகளுக்கு இரவு விளக்கு மீண்டது.

இச்செய்தியைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதனினும் முக்கியம் மீளாத இரண்டு பாட்டரிகள். சல்பேட்டு ஏறியது ஓரளவு தீரும் நோய். தகட்டிலிருந்து சாந்து உதிர்ந்து அடியில் விழுந்திருந்தால், ஈயச் சட்டம் அரித்துப் போயிருந்தால், எந்தச் சிகிச்சையும் பயனளிக்காது. எது தீரும், எது தீராது என்பதை அளவுதான் சொல்ல வேண்டும்; ஆசை சொல்லக் கூடாது.

இந்த உண்மைக்காக ஓர் அறிஞர் பதவியையே இழக்க நேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெஸ் ரிச்சி என்பவர் ஏ.டி.–எக்ஸ்2 என்னும் பொடியை விற்றார். அதனைப் போட்டால் சோர்ந்த பாட்டரி உயிர்பெறும் என்பது அவர் கூற்று. பொடியின் முக்கியப் பொருள்கள் சோடியம் சல்பேட்டும், நாம் பேதியுப்பு என்று சொல்லும் மக்னீசியம் சல்பேட்டும் ஆகும். வாங்கியவர்களுள் பலர் பயன் கண்டதாகச் சான்றுரைத்தனர். அந்நாட்டின் தேசிய அளவை நிறுவனமோ பலமுறை ஆராய்ந்து, பொடியால் தனிப்பட்ட நன்மை எதுவும் இல்லை என்று முடிவு கூறியது. பொடியோடு சேர்த்துச் செய்த மெதுவான நிரப்புதலே சில கலங்களை மீட்கப் போதுமானது; அதே நிரப்புதலைப் பொடியின்றிச் செய்தாலும் அதே விளைவே வரும். பொடியைத் தனியே நிறுத்தி, பொடி இட்ட கலத்தையும் இடாத கலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை இந்த உண்மை புலப்படாது.

1953ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வணிகத் துறைச் செயலர் சின்க்ளேர் வீக்ஸ், நிறுவனத்தின் இயக்குநரான ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் செய்தார். சந்தையில் மக்கள் வாங்குவதையே சான்றாகக் கொள்ளாமல் ஆய்வுக்கூடத்து அளவையே நிறுவனம் பெரிதாக நினைக்கிறது என்பது குறையாகச் சொல்லப்பட்டது. அமெரிக்க அறிவியலார் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பின் வலிமையால் ஆஸ்டின் முதலில் தற்காலிகமாகவும், பின்னர் அதே ஆண்டில் நிலையாகவும் பதவியில் தொடர்ந்தார். அறிவியல் பேரவை அமைத்த குழு, நிறுவனத்தின் ஆய்வு சரியானதே என்று அவ்வாண்டு இறுதிக்குள் தெரிவித்தது. ஒரு பிடி உப்புக்காக ஒரு நாட்டின் அறிவுலகமே கிளர்ந்தெழுந்தது என்றால் நம்புவது அரிதாகத் தோன்றும். ஆனால் கேள்வி உப்பைப் பற்றியது அன்று. அளவின் தீர்ப்பா, விற்பனையின் தீர்ப்பா என்பதைப் பற்றியது.

இன்றும் பாட்டரியில் ஊற்றப் பொடிகளும் திரவங்களும், மின்துடிப்பால் உயிர்கொடுக்கும் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை ஏற்கவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். இரண்டு பாட்டரிகளை எடுத்து, ஒன்றில் மட்டும் செய்து, மற்றொன்றில் செய்யாமல் வைத்து, இரண்டையும் அளந்து பாருங்கள். இதுவே ஆஸ்டின் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.

இப்படி அளந்து பார்ப்பதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் நம் தமிழகத்திலும் எழுந்தது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்கினார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். அமெரிக்காவில் ஆஸ்டினின் வழக்கு வெடித்த அதே ஆண்டு! அன்று தொடங்கி இன்றளவும் சேமக்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி அந்நிலையத்தின் பணிகளுள் ஒன்றாக இருந்து வருகிறது. மின்வேதியியல் கற்க விரும்பும் நம் மாணவர்கள் கடல் கடந்து போக வேண்டியதில்லை. செட்டிநாட்டுக்குப் போனால் போதும்.

இந்நாளில் லித்தியம் கலங்கள் பரவி வருகின்றன. எடை குறைவு, நீரூற்றும் வேலையும் இல்லை. அப்படியானால் பழைய ஈயக் கலத்தைப் பற்றிய இப்பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இன்னும் பல இல்லங்களிலும் பள்ளிகளிலும் ஈயக் கலங்களே உள்ளன என்பது ஒரு விடை. மற்றொரு விடை இதனினும் கனமானது. ஈயம் நஞ்சு. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். பழைய பாட்டரியை முறையான ஆலையில் கொடுத்தால், அதன் ஈயம் உருக்கப்பட்டுப் புதிய பாட்டரியாகப் பிறக்கும். கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கினால் மண்ணும் கிணறும் கெடும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கான விதிகள் நம் நாட்டில் 2001இலும், விரிவாக 2022இலும் வகுக்கப் பெற்றன. ஆகவே, காலத்துக்கு முன்பே சாகவிடும் ஒவ்வொரு பாட்டரியும் ஏழையின் பணத்தை மட்டுமன்றி ஒரு சிறு நஞ்சையும் ஊருக்குள் இறக்குகிறது. பேணிக் காத்து இரண்டு ஆண்டுகள் கூடுதலாக உழைக்கச் செய்தால், அவ்வளவும் மிச்சம். மாணவர்கள் எக்காரணத்தாலும் பாட்டரியை உடைத்துப் பார்க்க வேண்டாம். அமிலத்தையும் ஆசிரியரின்றித் தொட வேண்டாம்.

நம் முன்னோர் ஏரியை எப்படிக் காத்தனர்? ஊரார் ஒன்றுகூடிக் கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட்டு, வண்டலை வாரினர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அப்பழக்கம் தளர்ந்த காலத்தில், 1858ஆம் ஆண்டு சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. சட்டத்தால் ஆளைக் கூட்டலாம். அக்கறையைக் கூட்ட முடியாது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. சட்டம் பிறந்த மறு ஆண்டில்தான் பிளாந்தேயின் சேமக்கலம் பிறந்தது. நீரைத் தேக்கும் ஏரிக்கும் மின்சாரத்தைத் தேக்கும் கலத்துக்கும் வேண்டியது ஒரே பண்புதான்: நிறைந்திருக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம்.

செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. அக்கற்களுட் பல, ஊரின் ஆநிரையைக் காக்கவும் மீட்கவும் போரிட்டு உயிர் நீத்தவர்களுக்காக நடப்பெற்றவை. நாட்டை வென்ற மன்னனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. ஊரின் செல்வத்தைக் காத்த எளியவனுக்கும் ஒரு கல் உண்டு என்பது இம்மண்ணின் நெறி. இன்று ஊரின் விளக்கைக் காப்பவருக்கு உயிரைக் கொடுக்கும் வேலை இல்லை. மாதம் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

அவ்வொரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை மிகச் சில. பலகையின்மேல் படிந்த தூசியைத் துடைக்க வேண்டும். நிழலிடும் கிளையை வெட்ட வேண்டும். மூடியைத் திறக்கக் கூடிய பாட்டரியாயின், நீர்மட்டத்தைப் பார்த்துக் காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். முனைகளில் பூத்த பூஞ்சை போன்ற படிவை நீக்க வேண்டும். விளக்கு மங்கத் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டும். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக் கூடாது. விடுமுறைக்குப் போகும்முன் கலத்தை முழுவதும் நிரப்பி, விளக்குகளின் இணைப்பை மட்டும் கழற்றி, பலகையோடு இணைந்தபடியே விட்டுவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்த எண்களை நாளும் கையெழுத்துமாக ஓர் ஏட்டில் குறித்து வைக்க வேண்டும். நோய் முற்றிய பின் மருத்துவம் தேடுவதைவிட, எண் சற்றே இறங்கும்போது கண்டுகொள்வது எளிது.

எங்கள் பள்ளியில் நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. மாதந்தோறும் இரண்டு மாணவர்களைச் சேமக்கலக் காப்பாளராக அமர்த்தினோம். அவர்கள் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினோம். நான் ஓய்வு பெறும் வரையில் அந்த இரண்டு பாட்டரிகளும் எரிந்தன. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ, ஊராட்சி அலுவலகத்திலோ, மூலையில் தூசி படிந்து ஒரு பாட்டரி கிடக்கக் கூடும். அது செத்துவிட்டது என்று யாராவது சொன்னால், அளந்து பார்த்தீர்களா என்று மரியாதையோடு கேளுங்கள்.